அஞ்சலையின் ஐந்தாவது கால்

எங்கள் ஊரில் சாமி கும்பிடாத ஆள் யார் என்று கேட்டால் பால்வாடிப் பிள்ளைகூட அரசப்பன் வீட்டைக் காட்டும். திருவாரூரிலிருந்து தெற்கே போகிற சாலையில், வாய்க்கால் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர் எங்களுடையது. இங்கே கால்நடைக் கிளை நிலையத்தில் ஆய்வாளராக இருக்கிறார் அரசப்பன். பைக்கின் பின்னால், காளை விந்து உறைந்திருக்கும் நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு, மூடியோரம் வெள்ளைப் புகை கசிய ஊர் ஊராகப் போய்ப் பசுக்களுக்குச் சினை ஊசி போடுவது அவர் உத்தியோகம். சுற்றுவட்டாரத்தில் துள்ளுகிற கன்றுகளில் பாதி அவர் கைராசியில் வந்தவை என்பார்கள். கைராசி என்றால் அவருக்கு ஆகாது. ராசியெல்லாம் இல்லை, பருவம் பார்த்துப் போட்டால் சினை பிடிக்கும், அவ்வளவுதான் என்பார். சரிங்க, பருவம் பார்க்கிற ராசி என்று திருத்திக்கொள்வார்கள்.

அவர் அப்பா வயல் வேலை செய்தவர், செங்கொடிச் சங்கத்தில் இருந்தவர். சங்கத்தில் வகுப்பு நடக்கும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போவார். அங்கேதான் ஒருநாள் வெளியூர்த் தோழர் ஒருவர் பொருள்முதல்வாதம் என்ற சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார். உலகத்தில் முதலில் இருந்தது பொருள். நினைப்பு, நோக்கம், திட்டம் எல்லாம் பிறகு வந்தவை என்றார். அரசப்பனுக்கு அது அப்படியே பிடித்துக்கொண்டது. ஊரில் வந்து சொன்னபோது, இதிலென்ன அதிசயம், அரிசியும் பருப்பும் இல்லாமல் அடுப்பு எப்படி எரியும், பொருள்தான் முதல் என்று நாங்களும்தான் சொல்கிறோம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த ஒத்துக்கொள்ளல் அவருக்குப் பெரிய ஏமாற்றம். கல்யாணமான புதிதில் மனைவி ராஜாத்தி, பொருள் என்றால் அர்த்தம் என்றும் ஒரு பொருள் இருக்கிறதே, அதுவும் முதலில் இருந்ததா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் அரசப்பன். அவர்கள் மகள் சுடர்விழி படித்து முடித்துச் சென்னையில் வேலைக்கும் போய்விட்டாள். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

டீக்கடையில் அவருக்கு எதிர்க்கட்சி தியாகராசன். ஊரில் கொஞ்சம் நிலம் உள்ள குடும்பம், ஐயனார் கோயில் பொறுப்பும் அவரிடம்தான். இருவரும் அரசுப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் என்பதால் வாய்யா, போய்யாதான். ஒவ்வொன்றையும் இன்ன வேலைக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்தவன் ஒருவன் இருக்கிறான் என்பது தியாகராசன் கட்சி. அப்படியானால் காளைக்கு எதற்குக் காம்பு என்பது அரசப்பன் கேள்வி. மாடு வளர்த்த யாருக்கும் தெரியும், காளைக்கும் சின்னதாகக் காம்பு உண்டு. எந்தக் கன்றும் அதில் பால் குடித்ததில்லை. பல வருஷமாகப் பதில் இல்லாமல் கிடந்த இந்தக் கேள்விக்கு ஒருநாள் தியாகராசன், "நீ கேக்கணும்னுதான்யா வச்சிருக்கான். இல்லேன்னா நீ டீக்கடைக்கு வந்து என்னத்தப் பேசுவே?" என்றார். அன்றைக்கு டீ மாஸ்டர் உள்பட எல்லோரும் சிரித்துவிட்டதால், அரசப்பன் வைத்திருந்த அறிவியல் பதில் யார் காதிலும் விழவில்லை.

தியாகராசனிடமும் ஒரு கேள்வி இருந்தது. பிறந்த கன்றின் குளம்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: குளம்பின் நுனியில் இளநுங்கு மாதிரி வெள்ளையாக ஒரு மெத்தை மூடியிருக்கும். வயிற்றுக்குள் கன்று உதைத்தாலும் தாயின் கருப்பை கிழியாது. பிறந்து நாலடி நடந்ததும் அது தேய்ந்து உதிர்ந்துவிடும். இதை யார் யோசித்து வைத்தது என்பார் தியாகராசன். யாரும் யோசிக்கவில்லை, மெத்தை இல்லாத கன்றுகள் தாயையும் கொன்று தாங்களும் செத்து வம்சம் இல்லாமல் போயின, மெத்தை உள்ளவை மிஞ்சின என்பார் அரசப்பன். பதிலைச் சரியாகத்தான் சொல்வார். ஆனால் கன்று ஈனும் இடத்தில் அவரைப் பார்த்தவர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். கன்று தரையில் விழுந்ததும் அவர் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்த வெள்ளை மெத்தையைத்தான். கட்டைவிரலால் அதைத் தடவித் தடவிப் பார்ப்பார்.

இப்படி இருந்தவருக்குக் காத்தாயியின் பசு ஒரு வேலை வைத்தது.

காத்தாயி எங்கள் தெருவில் தனியாகக் குத்தகை நிலம் பார்க்கிறவள். புருஷன் அறிவுச்செல்வன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறான். வீட்டில் இருந்த ஒரே பசுவுக்கு அரசப்பன்தான் ஊசி போட்டிருந்தார். ஈனும் நாளில் பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆகியும் கன்று வரவில்லை என்று ஆள் அனுப்பினாள். அரசப்பன் வந்து, கையில் தோள்வரை எண்ணெய் தடவிக்கொண்டு உள்ளே விட்டுப் பார்த்தார். ஒரு முன்னங்கால் தட்டுப்பட்டது. இன்னொரு முன்னங்கால். நடுவே மூக்கு. எல்லாம் சரி என்று சொல்லப் போனவர் கொஞ்சம் மேலே துழாவியபோது மூன்றாவதாக ஒரு முன்னங்கால் கையில் வந்தது. "காத்தாயி, ரெட்டைம்மா" என்றார். காத்தாயிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் சொல்லிவிட்டாள்.

பிறந்தது ஒரு கிடாரிக் கன்று. அது விழுந்து, தாய் நக்கத் தொடங்கிய பிறகும் காத்தாயி அடுத்ததற்காகக் காத்திருந்தாள். இன்னொண்ணு எங்கே அண்ணே என்று கேட்டாள். அரசப்பன் மறுபடி கையை விட்டுப் பார்த்தார். உள்ளே எதுவும் இல்லை. அப்போதுதான் கன்றைப் பார்த்தார்கள். திமில் இருக்க வேண்டிய இடத்திலிருந்து, நனைந்த துண்டைத் தோளில் போட்டதுபோல, ஐந்தாவதாக ஒரு கால் தொங்கிக்கொண்டிருந்தது. மூட்டு, குளம்பு, குளம்பின் நுனியில் வெள்ளை மெத்தை, எதிலும் குறையில்லை.

காத்தாயி சிங்கப்பூருக்கு வீடியோவில் காட்டினாள். சிக்னல் சரியில்லை, படம் இரட்டையாகத் தெரிகிறது என்று அறிவுச்செல்வன் லைனைத் துண்டித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான். இரண்டாம் தடவையும் கால் அப்படியே இருந்தது. கன்றுக்கு அஞ்சலை என்று பெயர் வைத்தாள். அஞ்சு காலுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்று ஊரும் ஒப்புக்கொண்டது.

பொழுது சாய்வதற்குள் நாலு கால் மெத்தையும் நடந்து நடந்து தேய்ந்துபோயிற்று. ஐந்தாவது காலுக்கு நடக்க இடமில்லை. அதன் மெத்தை காய்ந்து சுருங்கிச் சில நாள் ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு தானாக உதிர்ந்தது. இதைக் கவனித்தது அரசப்பன் மட்டும்தான்.

அதற்குள் கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. மஞ்சளும் குங்குமமும் வாழைப்பழமுமாக வந்தார்கள். வயிற்றில் இரட்டையாகப் பிரிய வேண்டியது சரியாகப் பிரியாமல் போயிருக்கும், மிச்சம் ஒட்டிக்கொண்டது, தையற்காரர் சட்டைக்கு மூன்றாவது கை வைத்துத் தைத்துவிட்ட மாதிரி என்று அரசப்பன் கொட்டகை வாசலில் நின்று விளக்கினார். தையற்காரர் இல்லை என்றுதானே இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருந்தாய் என்று தியாகராசன் பிடித்துக்கொண்டார். அரசப்பன் உதாரணத்தை வாபஸ் வாங்கினார். பிறகு நிதானமாக, ஏன் வந்தது என்றால் சொல்கிறேன், எதற்கு வந்தது என்று கேட்காதே, அந்தக் கேள்விக்கு இங்கே இடமே கிடையாது என்றார். ஜனங்களோ எதற்கு என்று மட்டும்தான் கேட்டார்கள். பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அந்த வருஷம் மேட்டூர்த் தண்ணீர் யாரும் எதிர்பாராமல் சீக்கிரமே கடைமடைக்கு வந்து சேர்ந்தது. அஞ்சலை வந்த வேளை என்றார்கள். நாற்றங்காலில் பூச்சி இல்லை, அஞ்சலை. தட்டிக்கொண்டே போன ஒரு கல்யாணம் நிச்சயமானது; அதுவும் அஞ்சலை.

அஞ்சலையைக் கொண்டாடியவர்கள் அதைக் கொண்டுவந்தவரை விடுவார்களா? ஐயனார் கோயில் திருவிழாவில், வழக்கம்போல் வெளியே பைக்கைப் போட்டுக்கொண்டு நின்ற அரசப்பனைப் பிடித்து, அவர் வாயைத் திறப்பதற்குள் மாலை போட்டுத் தலையில் துண்டும் கட்டிவிட்டார்கள். ராஜாத்தி அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். அரை மணி நேரத்தில் சென்னையிலிருந்து சுடர்விழி கூப்பிட்டு, கட்சி மாறிவிட்டீர்களா அப்பா என்று விசாரித்தாள். நெரிசலில் நடந்த தவறு என்றார் அரசப்பன். துண்டு மட்டும் நல்ல துண்டு, இன்னும் அதில்தான் முகம் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

மாதங்கள் போயின. அஞ்சலை வளர்ந்தது, ஐந்தாவது காலும் வளர்ந்தது. தரையில் தேயாத குளம்பு கொம்பு மாதிரி நீண்டு வளைந்து, கன்று உடம்பை உதறும்போதெல்லாம் தோளில் குத்தியது. அரசப்பன் குளம்பை வெட்டிவிட்டுப் பார்த்தார். குத்துவது நின்றது, உரசுவது நிற்கவில்லை. தோல் கழன்று, ஈ மொய்த்து, ஒருநாள் புண்ணில் புழு வைத்துவிட்டது. மருந்து போட்டால் ஆறும், மறுபடி உரசிப் புண்ணாகும். கால்நடை மருத்துவர் வானதி வந்து பார்த்தார். எலும்போடு சேராத கால், தோலிலும் சதையிலும்தான் தொங்குகிறது, எடுத்துவிடலாம், சின்ன வேலை என்றார்.

காத்தாயி முடியாது என்றுவிட்டாள்.

அரசப்பன் போய்ப் பேசினார். கரு எப்படி உருவாகிறது என்பதிலிருந்து ஆரம்பித்தார். காத்தாயி டீ போட்டுக் கொடுத்து முழுவதும் கேட்டாள். நல்லாச் சொன்னீங்கண்ணே என்றாள். காலை எடுக்கச் சம்மதிக்கவில்லை. அடுத்த தடவை போனபோது கைபேசியில் படங்களோடு போனார். அதையும் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஜன்னத் பீவியையும் கூப்பிட்டுக் காட்டச் சொன்னாள். படைத்தவன் நாடினால் எப்படியும் படைப்பான் என்று சொல்லிவிட்டு, பாவம் அந்த வாயில்லா ஜீவன் என்று ஜன்னத் பீவி அஞ்சலையின் நெற்றியைத் தடவிவிட்டுப் போனாள். காத்தாயி அப்போதும் அசையவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவரிடம் ராஜாத்தி சொன்னார். "அவ எதுக்குன்னு கேக்குறா. நீங்க ஏன்னு சொல்லிட்டு வர்றீங்க. ஒரு தடவ அவ கேள்விக்குத்தான் பதில் சொல்லுங்களேன்."

என்னைப் பொய் சொல்லச் சொல்கிறாயா என்று கேட்டார் அரசப்பன். மாட்டுக்காக ஒரு பொய் சொன்னால் உங்கள் பொருள் ஒன்றும் முதலில் இருந்து இறங்கிவிடாது என்றார் ராஜாத்தி.

மறுநாள் காலையில் அரசப்பன் காத்தாயி வீட்டுக்குப் போனார். கொட்டகையில் அஞ்சலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புண்ணில் மருந்து போட்டுக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படி ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தது.

"கன்னுக்குட்டி குளம்புல மெத்தை இருக்குல்ல காத்தாயி. வயித்துக்குள்ள இருக்கறவரைக்கும்தான் அதுக்கு வேலை. வேலை முடிஞ்சா உதிர்ந்துடும். இந்தக் காலும் அந்த மாதிரிதான். வந்த வேலை முடிஞ்சிடுச்சு. அதான் உறுத்துது."

காத்தாயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத நீங்க நம்புறீங்களாண்ணே?"

அரசப்பன் பஞ்சைக் கீழே வைத்தார். "இல்ல."

காத்தாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல வேளை, நம்புகிறேன் என்று சொல்லியிருந்தால் உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அண்ணிக்குப் போன் பண்ணியிருப்பேன் என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அஞ்சலையின் காதை நீவிக்கொண்டே அத்தனை நாளும் சொல்லாததைச் சொன்னாள். அந்தக் கால் தெய்வம் கொடுத்ததா, கணக்குத் தவறி வந்ததா என்பது அவளுக்குப் பெரிய விஷயமில்லை. மாட்டுக்கு வலிப்பது அவளுக்குத் தெரியாதா? ராத்திரியெல்லாம் அது முனகுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பவள் அவள்தானே. அவளுக்கு ஊரை நினைத்துத்தான் பயம். நல்லதெல்லாம் அஞ்சலையால் வந்தது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. காலை எடுத்த பிறகு தண்ணீர் வராமல் போனால், கதிர் வருகிற நேரத்தில் மழை அடித்தால், அத்தனையும் தன் தலையில் விழும். புருஷன் வெளிநாட்டில் இருக்க, ஒற்றைப் பொம்பளை எத்தனை வாய்க்குப் பதில் சொல்வாள் என்றாள்.

அரசப்பனுக்கு இது தோன்றவே இல்லை. கருவையும் செல்லையும் பற்றி அவ்வளவு பேசியவர், அந்தப் பெண் எதற்காக மறுக்கிறாள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கீழே வைத்த பஞ்சை எடுத்து மறுபடி மருந்தில் தோய்த்தார்.

"என் மேல சொல்லிடு. அரசப்பன்தான் கேக்காம வெட்டிட்டான்னு சொல்லு. எனக்குத்தான் சாமி கிடையாதே, என்ன பண்ணிடும்?"

காத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். "ஊருக்குச் சாமியில்லாத ஆள் ஒருத்தர் எதுக்குன்னு நானும் யோசிச்சிருக்கேண்ணே. இப்பத்தான் தெரியுது."

அன்றே அரசப்பன் டீக்கடைக்குப் போய், காலை எடுக்கப்போகிறேன், காத்தாயிக்கு இஷ்டமில்லை, நான்தான் அரசாங்க உத்தரவு மாதிரி கட்டாயப்படுத்துகிறேன் என்று அறிவித்தார். பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்துத்தான் போனார். இரண்டு பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒருவர் ஐயனார் சும்மா விடமாட்டார் என்றார். அதைச் சொன்னவர் குரலில்கூடக் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது. புழு வைத்த புண்ணை எல்லோரும்தான் பார்த்திருந்தார்கள். தியாகராசன் மட்டும் டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, என்றைக்கு என்று கேட்டார்.

வானதி சொன்ன நாளில் வந்தார். மரத்துப்போக ஊசி போட்டுக் கொட்டகையிலேயே வேலையை முடித்தார். அரசப்பன் அஞ்சலையின் தலையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். கன்றின் காதருகே குனிந்து என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். என்ன சொன்னீர்கள் என்று பிறகு ராஜாத்தி கேட்டதற்கு, சும்மா, ஒன்றுமில்லை என்றார். மந்திரமா என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டார்.

எடுத்த காலை என்ன செய்வது என்று ஒரு பிரச்சினை வந்தது. கால்நடைக் கல்லூரிக்குக் கொடுத்தால் பாட்டிலில் போட்டு மாணவர்களுக்குக் காட்டுவார்கள் என்றார் வானதி. கொள்கைப்படி அரசப்பன் அதைத்தான் ஆதரித்திருக்க வேண்டும். வாயைத் திறந்தவர், வாசலில் மஞ்சள் துணியோடு நின்ற காத்தாயியைப் பார்த்துவிட்டு, "இங்கயே பொதைச்சிடுவோம் மேடம்" என்றார். வாய்க்கால் கரையில் புங்கமரத்தடியில் அவரே மண்வெட்டி பிடித்துக் குழி வெட்டினார். நாய் தோண்டாமல் இருக்க ஆழமாகவே வெட்டினார். தியாகராசன் பூ கொண்டுவந்தார். மண்ணைத் தள்ளி மூடியபின், மேலே ஒரு செங்கல்லை வைத்தது யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

அஞ்சலைக்குப் புண் ஆறியது. தோளில் கையகலத்துக்கு ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது. இப்போது மற்ற மாடுகள் மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடுகிறது, அடுத்தவர் வயலில் வாயை வைத்து அடியும் வாங்குகிறது.

அந்த வருஷம் சம்பா அறுவடைக்குச் சற்று முன்னால் மழை பெய்து கதிர் சாய்ந்தது. எல்லா ஊரிலும்தான் சாய்ந்தது; எங்கள் ஊரில் மட்டும் காரணம் தெரிந்திருந்தது. அரசப்பன் காலை வெட்டினதுதான் என்றார்கள். சொன்னவர்கள் யாரும் கோபமாகச் சொல்லவில்லை. அவர் பைக்கை நிறுத்தி, மாட்டைக் காட்டி, ஊசி போடச் சொல்லிவிட்டு, அதன் கூடவே சொன்னார்கள். பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. மோட்டார் புகைந்தால் அரசப்பன். திருவாரூர் பஸ் வராவிட்டால் அரசப்பன். ஒரு தடவை தியாகராசன் வீட்டு இட்லி கல்லாக வந்ததற்கும் அவரையே சொன்னார்கள். காத்தாயியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரசப்பன் முதலில் ஒவ்வொன்றுக்கும் விஞ்ஞானக் காரணம் சொல்லிப் பார்த்தார்; மாவு புளிக்காவிட்டால் இட்லி கல்லாகத்தான் வரும் என்று தியாகராசன் வீட்டு வாசலிலேயே நின்று விளக்கி, அந்த வீட்டு அம்மாவின் கோபத்தையும் சம்பாதித்துக்கொண்டார். அதன்பிறகு, "ஆமாம், நான்தான், போ" என்று சொல்லக் கற்றுக்கொண்டார்.

புங்கமரத்தடிச் செங்கல் ஒன்று மூன்றானது. மூன்றின் மேல் மஞ்சள் ஏறியது. யாரோ ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தார்கள். மூட்டுவலி உள்ளவர்கள் அங்கே வந்து வேண்டிக்கொண்டால் குணமாகிறது என்று பேச்சு பரவி, காலம்மன் என்று ஒரு பெயரும் வந்துவிட்டது. குழி வெட்டியவர் என்ற முறையில் கோயில் கட்டிய புண்ணியம் உனக்குத்தான் என்று தியாகராசன் அரசப்பனிடம் சொன்னார். அரசப்பன் அவரோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள் பசுவுக்குச் சினைப்பருவம் என்று தியாகராசனே கூப்பிட, போக வேண்டியதாயிற்று.

போன மாதம் அரசப்பன் சாலையில் பைக்கை நிறுத்தி, கேனின் கயிறு தளர்ந்திருந்ததை இறுக்கிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்து நின்றார்கள். தரங்கம்பாடிப் பக்கம் என்றார்கள். அந்த அம்மாவுக்கு முழங்கால் வீங்கி, இறங்கக்கூட முடியவில்லை. இங்கே காலம்மன் கோயில் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள்.

அரசப்பன் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டார். அது அவர் பேச்சைத் தொடங்குகிற நிலை. கருவில் இரட்டை பிரிவதிலிருந்து செங்கல் மூன்றானது வரைக்கும் எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. அந்த அம்மா ஸ்கூட்டரின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்காமல் நீட்டியபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரா போயி மதகுகிட்ட இடது பக்கம் திரும்புங்க. கரை மேலயே போகலாம், வண்டி போகும். புங்கமரம் தெரியும்" என்றார். அவர்கள் கிளம்பும்போது கைதட்டிக் கூப்பிட்டு, "அப்படியே திரும்பி வர்றப்ப திருவாரூர் பெரியாஸ்பத்திரியில எலும்பு டாக்டரையும் ஒரு தடவ பாத்துட்டுப் போங்கம்மா" என்று சேர்த்துக்கொண்டார். சரிங்க என்று தலையாட்டிவிட்டு அந்த அம்மா, பூ வாங்க இங்கே கடை உண்டா என்று கேட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஜன்னத் பீவி வீட்டு வேலியில் செம்பருத்தி நிறைய இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு அரசப்பன் பைக்கை உதைத்தார்.